நோட்டில் எட்டு பட்டை, ஜெல்லில் ஐந்து

தாமிரபரணிக்காரி:
அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இளநிலை விலங்கியல் நடத்துகிறேன். 2014-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விலங்குகளை அறுக்கும் பயிற்சியை நிறுத்தச் சொன்ன பிறகு, சில வருடம் சார்ட்டும் மாடலுமாக ஓட்டினோம். அப்புறம் ஒருவழியாக டிஎன்ஏ துண்டுகளைப் பிரித்துப் பார்க்க ஒரு ஜெல் டேங்க், ஒரு பவர் பேக், நாலு மைக்ரோபிப்பெட் வாங்கித் தந்தார்கள். மாணவிகள் முப்பத்தாறு பேர்!

முதல் பயிற்சி, லாம்டா என்ற வைரஸின் டிஎன்ஏவை, குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெட்டும் ஹிண்ட் 3 நொதியால் வெட்டுவது. 48,502 கார இணை நீளம், ஏழு இடத்தில் வெட்டு, எட்டுத் துண்டு. புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அகரோஸ் ஜெல்லில் மின்சாரம் செலுத்தி ஓட்டினோம். சின்னத் துண்டு வேகமாக ஓடும், பெரியது மேலே பின்தங்கும், ஒவ்வொரு அளவும் ஒரு பட்டையாக நிற்கும். பட்டையை ஒளிரவைக்கும் சாயமான எத்திடியம் புரோமைடு டிஎன்ஏவுக்குள்ளேயே போய்ச் செருகிக்கொள்ளும் சமாச்சாரம் என்பதால் அதை மட்டும் நானே கையுறை போட்டுச் செய்தேன்.

ஜெல் ஓடி முடிவதற்குள் ஒரு பெண் ரெக்கார்டில் ஸ்கேல் வைத்து எட்டுப் பட்டை வரைந்துவிட்டாள். புறஊதா வெளிச்சத்தில் பார்த்தால் ஐந்துதான். நன்றாக உற்றுப் பார்த்தால் ஆறாவதாக ஒன்று, இருக்கா இல்லையா என்கிற மாதிரி.

"எத்தனை தெரியுது?"

"அஞ்சு மேம். ஆனா எட்டுன்னு எழுதினாத்தானே மார்க்?"

கோபம் வரவில்லை. தவளை அறுத்த காலத்தில் நானும் அப்படி வரைந்தவள்தான்.

564, 125 இணை கொண்ட குட்டித் துண்டுகள் தெரியாததற்குக் காரணம் எளிது. துண்டு சின்னதானால் அதில் ஏறும் சாயமும் கொஞ்சம், ஒளிர்வும் கொஞ்சம். ஆனால் 4,361 இணை கொண்ட துண்டு சின்னதில்லையே, அந்த ஆறாவது பட்டை ஏன் மங்க வேண்டும்? இங்கேதான் வகுப்பு சூடு பிடித்தது. லாம்டாவின் இரண்டு முனையிலும் 12 காரங்கள் ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்றுக்கொன்று பொருந்தும். அதனால் ஒரு முனையில் இருக்கும் 4,361 துண்டு, மறுமுனையில் இருக்கும் 23,130 துண்டோடு ஒட்டிக்கொண்டு மேலேயே நின்றுவிடுகிறது. 65 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து உடனே ஐஸில் போட்டால் பிரிந்துவிடும் என்று சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் குழு ஒரே குழாயை இரண்டாகப் பிரித்தது. பாதியைச் சூடாக்கி, பாதியை அப்படியே விட்டு, பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினார்கள். நான் சொல்லவே இல்லை. சூடாக்கிய பக்கத்தில் ஆறாவது பட்டை பளிச்சென்று நின்றது.

மைக்ரோபயாலஜி பையன்:
எங்கள் முதல் ஜெல்லில் ஒயரை மாற்றிச் சொருகிவிட்டோம். டிஎன்ஏ எதிர்மின் சுமை கொண்டது, சிவப்பு ஒயர் சொருகிய நேர்மின் முனையைப் பார்த்து ஓடும் என்று வைவாவில் ஒப்பிக்கத் தெரியும். டிஎன்ஏவை ஊற்றிய குழி சிவப்புப் பக்கம் இருந்ததைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை. டிஎன்ஏவோடு கலந்திருந்த நீலச் சாயம் பின்பக்கமாக நடந்து ஜெல்லைச் சுற்றியிருக்கும் பஃபர் கரைசலில் இறங்குவதை முதலில் பார்த்தது லேப் அட்டெண்டர் அண்ணன். "தம்பி, ஊருக்குக் கிளம்பிட்டுது" என்றார்.

கெமிஸ்ட்ரி அக்கா:
மேடம், தேர்வுக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து "மிச்சப் பட்டை எங்கே?" என்று கேட்டால்? எங்கள் தேர்வில் அதற்காகவே ஒருத்திக்கு மார்க் குறைத்தார்கள்.

தாமிரபரணிக்காரி:
கேட்டார். அந்தப் பெண் ரெக்கார்டைத் திருப்பி, சூடாக்கியது, சூடாக்காதது என்று இரண்டு லேனும் இருக்கிற போட்டோவைக் காட்டி, 65 டிகிரி கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர் ஒன்றும் பேசவில்லையாம், கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாராம். முதலில் வரைந்த எட்டுப் பட்டைப் பக்கத்தை அவள் கிழிக்கவில்லை, குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள்.