பின்பக்கத் தோட்டத்துக்கு எந்தக் கல் போடலாம்?

கேள்வி:
பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் 12க்கு 15 அடி மண் தரை. மழை பெய்தால் ஒரே சேறு. போன மாதம் அம்மா துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, கையில் வீக்கத்தோடு போனது. கட்டுப்படியாகும் கல் வேண்டும். கடைக்காரர் பாலிஷ் போட்ட கடப்பா கல்லைக் காட்டுகிறார். எடுக்கலாமா?

பதில்:
பாலிஷ் கடப்பா வேண்டவே வேண்டாங்க. ஈரத்தில் வழுக்கும், கறுப்பு என்பதால் பங்குனி வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாது. சாதரஹள்ளி கல் கேளுங்கள், பெங்களூரு பக்கத்தில் கிடைக்கிற கிரானைட். சாம்பல் நிறம், கொத்திய முகம் சொரசொரப்பாகக் காலைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் துவைக்கிற இடத்தில் 11 வருஷமாகக் கிடக்கிறது. சோப்புத் தண்ணீர் ஓடினாலும் பாட்டி பயமில்லாமல் நடக்கிறார்.

பதில்:
இன்னும் மலிவாக வேண்டுமென்றால் கலபுரகி பக்கத்து ஷாபாத் கல், பாலிஷ் இல்லாமல். ஆனால் அது சுண்ணாம்புக்கல். எலுமிச்சை, புளித்தண்ணீர் சிந்தினால் தடம் விழும். ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள்.

பதில்:
எந்தக் கல்லானாலும் அடித்தளம் முக்கியம். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, ஜல்லி பரப்பி, அப்புறம் கல். 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம், வீட்டுச் சுவரை விட்டு வெளியே.

கேட்டவர்:
சரி, சாதரஹள்ளியே. 2க்கு 2 அடியில் 45 கல் வருகிறது, உடைசலுக்கு மூன்று சேர்த்துச் சொல்கிறேன். மாடத்தைச் சுற்றி முதலில் பதிக்கச் சொல்லப்போகிறேன்.