ரேடியோ பேனல்: பட்டனை அழுத்தினாலும் பழைய எண்ணே நிற்கிறது

கோத்தகிரி_பனி:
கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்குப் புதிதாக ஒரு இரட்டை எஞ்சின் ஆட்-ஆன் (கூடுதலாகச் சேர்க்கும்) விமானம் வாங்கினேன். செஸ்னா 172-இல் என் யுஎஸ்பி ரேடியோ பேனல் ஒழுங்காக வேலை செய்கிறது, இதில் மட்டும் உள் குமிழை ஒரு கிளிக் திருப்பினால் அலைவரிசை 118.100 மெகாஹெர்ட்ஸிலிருந்து நேரே 118.150-க்குத் தாவுகிறது. அதைவிடக் கடுப்பு, ஸ்டாண்ட்பையை (காத்திருக்கும் எண்ணை) ஆக்டிவ் (பயன்பாட்டில் உள்ள எண்) ஆக்கும் பட்டன். அழுத்தினால் கண் சிமிட்டும் நேரம் எண் மாறி, மறுபடி பழையதே வந்துவிடுகிறது. கோயம்புத்தூர் ஓடுபாதையிலேயே ஒரு வாரமாக நிற்கிறேன்.

ஊட்டி_ரன்வே:
அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்.

கோத்தகிரி_பனி:
செய்தாயிற்று அண்ணா. எங்கள் மலை இணையத்தில், நடுவில் இரண்டு தடவை கரண்டும் போய், இறங்கவே இரண்டு இரவு ஆனது. அதே கதைதான்.

குன்னூர்_மீட்டர்கேஜ்:
பட்டன் வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள், இரண்டு தடவை வேலை செய்கிறது! ஒரு தடவை மாற்றி, உடனே திருப்பி மாற்றினால் பழைய எண்தானே நிற்கும்? 25 கிலோஹெர்ட்ஸ் போக வேண்டியது 50 போவதும் அதனால்தான். இந்த விமானத்துக்கென்று தனி இணைப்பு மென்பொருளில் குமிழை அமைத்திருப்பீர்கள், பேனலின் சொந்த டிரைவர் மென்பொருளும் அதே கட்டளையை அனுப்பிக்கொண்டிருக்கும். முதலில் காக்பிட்டில் அந்தப் பட்டனை மவுஸால் அழுத்துங்கள். ஒழுங்காக மாறினால் விமானத்தின் மேல் குற்றமில்லை. அப்புறம் டிரைவரை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கோத்தகிரி_பனி:
அதேதான்! டிரைவரை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. ஆனால் துல்லியமாக இருக்கட்டுமே என்று 25-க்குப் பதில் 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி போட்டேன், இப்போது 118.000-இலிருந்து ஒரு கிளிக் திருப்பினால் காக்பிட்டில் எண் நகர்கிறது, பேனலில் அசையவே இல்லை.

கொடை_வானோடி:
உங்கள் பேனலில் ஐந்து இலக்கம்தானே? 8.33-இல் 118.000-க்கு அடுத்தது 118.005, அது ஐந்து இலக்கத்தில் 118.00 என்றுதான் தெரியும். கடைசி எண் விழுந்துவிடுகிறது, பழுது ஒன்றுமில்லை. ஐரோப்பா பக்கம் பறப்பதாக இருந்தால் 8.33 வேண்டும், கோவை–கொச்சிக்கு 25-லேயே விட்டுவிடுங்கள். கையோடு நேவ் (வழிகாட்டும் ரேடியோ) பக்கத்தையும் சோதியுங்கள், அங்கே 108.00 முதல் 117.95 வரைதான், படி 50 கிலோஹெர்ட்ஸ். அதைப் பார்த்து மறுபடி இரண்டு படி தாவுகிறது என்று பதறவேண்டாம்.

கோத்தகிரி_பனி:
25-க்கு மாற்றினேன், பேனலும் காக்பிட்டும் ஒரே எண் காட்டுகின்றன. கொச்சியில் இறங்கிவிட்டு இதை எழுதுகிறேன். அங்கே நல்ல வெயில், இங்கே ஜன்னலைத் திறந்தால் பனியில் எதிர்வீடு தெரியவில்லை.