சின்னவனின் முன்பள்ளிக் கட்டணம்

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், மட்டக்களப்பு மாவட்டத்தின் மண்டூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பள்ளிக்கு ஒழுங்காக வராத பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று விவரம் திரட்டும் வேலையை எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்காகச் செய்து வருகிறேன். சங்கத்துக்குப் பணம் பெரும்பாலும் கனடாவிலும் லண்டனிலும் வாழும் எம்மவரிடமிருந்து வருகிறது. அவர்கள் ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்து, மாதாந்தம் ஒரு தொகை அனுப்பி, தவணை முடிவில் அப்பிள்ளையின் புள்ளி அறிக்கையைப் பார்க்க விரும்புகிறார்கள்.

அவ்வாறு தெரிவான ஒரு மாணவி எட்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தார். தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். வயற்கூலிக்குப் போகும் அம்மம்மாதான் அவளையும் அவளுடைய தம்பியையும் பார்த்து வந்தார். உதவித்தொகை கிடைத்த பின்னரும் பிள்ளை வகுப்புக்கு வருவதில்லை என்று அதிபர் அறிவித்தபோது, கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டிருப்பதைச் சொல்லிச் சற்றுக் கண்டிப்புடன் பேசுவதென்று எண்ணியே அந்த வீட்டுக்குப் போனேன். அம்மம்மா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சின்னவன ஆரு பார்க்கிற சேர்? அவன ஒரு இடத்தில விட்டா, மறுகா இவள் பள்ளிக்குப் போவாள்தானே" என்றார். தம்பிக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. நாற்று நடும் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் கிழவி விடியமுன் போய்விட, அக்காதான் அவனுக்குத் தாயாக இருந்திருக்கிறாள்.

இலங்கையில் பாடசாலைக் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடைத் துணியும் அரசாங்கமே கொடுக்கிறது. முன்பள்ளிகளின் நிலைமை வேறு. அவற்றில் பெரும்பாலானவை பெற்றோர் செலுத்தும் மாதக் கட்டணத்திலும் தொண்டு நிறுவனங்களின் உதவியிலுமே நடக்கின்றன. ஆகவே, அக்காவின் படிப்புக்கென்று வரும் பணத்தில் ஒரு பகுதியைத் தம்பியின் முன்பள்ளிக்கும், மதியம் அவன் வீடு திரும்பியதும் பார்த்துக்கொள்ளும் அயல்வீட்டுப் பெண்ணுக்கும் கொடுக்கலாம் என்று சங்கத்தில் கேட்டேன். கூட்டம் நீண்டது. கல்விக்காக அனுப்பிய பணத்தைப் பிள்ளை பராமரிப்புக்குக் கொடுப்பது நம்பிக்கைத் துரோகம் என்று ஒருவர் வாதிட்டார். இரண்டு பிள்ளைகளையும் ஏதாவதொரு சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றார் மற்றொருவர்.

சிறுவர் இல்லங்களை நான் குறைத்துப் பேசுகிறவனல்லன். 1929 இல் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தர் சிவாநந்த வித்தியாலயத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, ஆதரவற்ற பிள்ளைக்கு உணவும் உறைவிடமும் கொடுத்துப் படிக்கவைக்கும் மரபு மட்டக்களப்பில் வேரூன்றியிருக்கிறது. போரும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையும் தாய் தகப்பன் இருவரையும் பறித்துக்கொண்ட பிள்ளைகளுக்கு அந்த இல்லங்களே வீடாயின. ஆனால் தாயோ அம்மம்மாவோ உயிரோடிருக்க, வறுமை ஒன்றுக்காக மட்டும் இல்லத்துக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் இந்த நாட்டில் மிகப் பலர். அவர்களுள் சிலரையாவது முன்பள்ளிக் கட்டணம் அளவான ஒரு சிறு உதவியால் வீட்டிலேயே வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். (பிறந்தநாளுக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்து, அவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதைப் பற்றி எனக்குள்ள கோபத்தை இங்கே எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.)

இறுதியில் லண்டனிலிருந்து பணம் அனுப்பியவரிடமே தொலைபேசியில் கேட்டோம். அவர் உடனே சம்மதித்தார். தானும் தன் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்றதுண்டு என்றார். பிள்ளை இப்போது ஒழுங்காக வருகிறாள். கணிதத்தில் இழந்த பகுதியை இன்னும் பிடிக்கவில்லை என்பதால் பின்னேர வகுப்புக்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம். சங்கத்தின் விண்ணப்பப் படிவத்தில், பள்ளி வயதை எட்டாத சகோதரரைப் பகலில் யார் கவனிக்கிறார்கள் என்ற வினாவும் சேர்ந்துள்ளது. பராமரிப்புக்குக் கொடுப்பதை ஏற்றுக்கொள்ளாத நன்கொடையாளர்களின் பணத்தை மட்டும் தனிக் கணக்கில் வைத்து, அதைப் பயிற்சிப் புத்தகத்துக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் செலவிடுகிறோம்.