உட்பக்க பிரேக் பேடு மட்டும் தேய்ந்திருக்கிறது, வீட்டிலேயே மாற்றலாமா?

நாலுசக்கரம்:

எல்லோருக்கும் வணக்கம். எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார், 70,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், பேட்டரி, ஸ்பார்க் பிளக் எல்லாம் நானே மாற்றிவிடுவேன், பிரேக்கில் மட்டும் இதுவரை கை வைத்ததில்லை. பத்து நாளாக பிரேக்கை லேசாக மிதித்தாலே முன் இடது பக்கம் கீச்சென்று சத்தம், அழுத்தி மிதித்தால் நின்றுவிடுகிறது. இன்று சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். வெளிப்பக்கப் பேடு 6 மில்லிமீட்டர் இருக்கிறது, உட்பக்கப் பேட்டில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. வலது சக்கரத்தில் இரண்டு பேடும் 5 மில்லிமீட்டர். இடது பக்கம் மட்டும் புதுப் பேடு போட்டால் போதுமா? பிரேக் என்பதால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

பழைய ஸ்பேனர்:

முதலில், அந்த வண்டியை இனி ஓட்டாதீர்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே மாற்றிவிட வேண்டும். கீச்சென்ற சத்தம் பேடில் இருக்கும் சின்னத் தகடு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கில் உரசுவதாகத்தான் இருக்கும், பேடு முடியப்போகிறது என்று சொல்வதற்கென்றே அதை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் வெறும் பேடை மாற்றினால் ஆறு மாதத்தில் இதே கேள்வியோடு வருவீர்கள். உங்கள் காரில் பிரேக் ஆயில் தள்ளும் பிஸ்டன் உட்பக்கம் மட்டும்தான் இருக்கும். அது உட்பக்கப் பேடை டிஸ்கில் அழுத்த, அந்த எதிர்விசையில், பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின் மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுத்துவரும். அந்த ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகிவிட்டால் காலிப்பர் நகராது, உட்பக்கப் பேடு ஒன்றே எல்லா வேலையையும் செய்யும். நீங்கள் அளந்த 6, 2 அதைத்தான் காட்டுகிறது. சக்கரத்தைக் கழற்றி இரண்டு பேடையும் தனித்தனியாக அளந்தீர்களே, அதனால்தான் இது தெரிந்தது. அவசரத்தில் வேலை பார்ப்பவர்கள் வெளிப்பக்கத்தை மட்டும் எட்டிப் பார்த்து "இன்னும் ஓடும்" என்று சொல்லிவிடுவார்கள்.

தாராளமாக நீங்களே செய்யலாம். முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே பேடு மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி பிரேக்கில் ஒரு பக்கம் இழுக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் பிரித்துப் போடாதீர்கள், ஒன்று குழப்பினால் மற்றதைப் பார்த்து மாட்டிக்கொள்ளலாம். காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடக் கூடாது, ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். இரண்டு பின்னையும் உருவிப் பாருங்கள். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பல கார்களில் வேறு வேறு, இடம் மாறிவிடக் கூடாது. துருவைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டு பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் போடுங்கள், சாதாரண கிரீஸ் பட்டால் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை ஊதிப்போகும். பேடின் தேயும் முகத்தில் கிரீஸ் துளிகூடப் படக் கூடாது.

பிஸ்டனை உள்ளே தள்ள பழைய பேடை அதன் மேல் வைத்து திருகி இறுக்கும் சி கிளாம்பால் மெதுவாக அழுத்துங்கள். அப்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும், வழிந்து பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். பிஸ்டன் அசையவே இல்லை என்றால் அதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள், அது காலிப்பரையே பிரிக்க வேண்டிய வேலை.

மழைப்பாதை:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஜாக் பற்றி யாரும் சொல்லவில்லையே! காரோடு வரும் ஜாக் ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். போன வருடம் சமதளம் என்று நினைத்து அதை நம்பி பிரேக் வேலை பார்த்தேன், ஒரு போல்ட்டை எம்பித் திருகியபோது வண்டி சரிந்து டிஸ்க் நேராகத் தரையில் இறங்கியது. என் கை ஒரு சாண் தள்ளி இருந்தது. இப்போது ஜாக் ஸ்டாண்டு இல்லாமல் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை, கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடுவேன். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வீல் நட்டை சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட வேண்டும்.

கருப்புத்தார்:

நானும் செய்யலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் முதல் தடவை தனியாக வேண்டாம், பக்கத்தில் யாராவது இருக்கட்டும். அப்புறம் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. பின்பக்க டிஸ்கில் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் (மோட்டாரால் இயங்கும் ஹேண்ட் பிரேக்) இருந்தால் மட்டும் கிளாம்பு போட்டுத் தள்ளாதீர்கள், அதை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் தள்ளினால் மோட்டார் கெட்டுவிடும்.

நாலுசக்கரம்:

முடித்துவிட்டேன், எல்லோருக்கும் நன்றி! பழைய ஸ்பேனர் சொன்னதே சரி. இடது கீழ்ப் பின் அசையவே இல்லை, துரு இளக்கும் எண்ணெய் அடித்து அரை மணி நேரம் விட்டு, ஸ்பேனரால் இப்படியும் அப்படியுமாக ஆட்டி ஆட்டித்தான் வெளியே வந்தது, பாதி நீளத்துக்குச் செம்மண் பூசியது போலத் துரு. இப்போது ஒரு விரலால் தள்ளினால் காலிப்பர் நகர்கிறது. மாட்டி முடித்து பெடலை மிதித்தபோது தரைவரை போனது, ஒரு நிமிடம் உயிரே போய்விட்டது. ஐந்தாறு முறை மிதித்த பிறகு கெட்டியானது.

ஒரே ஒரு விஷயம். வலது பக்கக் கீழ்ப் பின்னின் ரப்பர் உறை ஓரத்தில் கிழிந்திருக்கிறது. பின் நன்றாகவே நகர்கிறது. அடுத்த சர்வீஸ்வரை விடலாமா?

பழைய ஸ்பேனர்:

பிஸ்டனைத் தள்ளியதும் பேடுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி வந்துவிடும், அதனால்தான் அப்படிப் போனது. வண்டியை எடுக்கும் முன்பே பெடலை மிதித்துப் பார்த்தீர்கள், நல்ல பழக்கம். முதல் சில நாள் திடீர் பிரேக் வேண்டாம். புதுப் பேடு டிஸ்கில் நன்றாகப் படிய, காலியான சாலையில் 60 வேகத்திலிருந்து 20 வரை மிதமாகக் குறைப்பதை எட்டுப் பத்து முறை செய்யுங்கள், நடுநடுவே ஆற விடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை மறுபடி டார்க் ரென்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) சரிபாருங்கள், அளவு உங்கள் கார் கையேட்டில் இருக்கும்.

உறையைத் தள்ளிப்போடாதீர்கள். இடது பின்னுக்குள்ளும் தண்ணீர் அப்படி ஒரு கிழிசல் வழியாகத்தான் போயிருக்கும். மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.