புதிது என்று சொல்லிப் பழைய மோட்டாரை விற்றுவிட்டார்கள், எங்கே புகார் செய்வது?

தென்னந்தோப்பு:
அவசரம். வாங்கி இரண்டே மாதத்தில் மோட்டார் புகைந்துவிட்டது. வாரண்டி கேட்டால், "வோல்டேஜ் கோளாறு, நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார் கடைக்காரர். கன்றுகள் வாடுகின்றன. யாரிடம் போவது?

வேலந்தாவளம்:
கிணறா, போர்வெல்லா? எங்கே வாங்கினீர்கள்? பில் இருக்கிறதா?

மின்பணியாளர்:
மின்சாரம் வரும் மூன்று ஃபேஸில் ஒன்று போயிருக்கும். இரண்டு ஃபேஸில் ஓடினால் எந்த மோட்டாரும் எரியும். ஸ்டார்ட்டரில் அதற்குத் தடுப்பு உண்டா?

தென்னந்தோப்பு:
தடுப்பு உண்டு அண்ணா. போர்வெல், 5 ஹெச்பி. வாங்கியது பொள்ளாச்சியில், தோப்பு கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மேலே தூக்கியபோதுதான் பார்த்தேன்: தகட்டில் எண் இருந்த இடத்தை அரத்தால் ராவியிருக்கிறார்கள். பெயிண்டை நகத்தால் சுரண்டினால் அடியில் துரு. ஏற்கெனவே ஒருமுறை எரிந்து காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) மாற்றிச் சுற்றியது என்கிறார் வைண்டிங் கடைக்காரர். பில் இல்லை, எஸ்டிமேட் சீட்டுதான். பணம் ஜீபேயில் போட்டேன்.

சட்டநோக்கன்:
பில் வாங்காதீர்கள் என்று யாராவது சொன்னார்களா? எத்தனை முறைதான் எழுதுவது! பொள்ளாச்சியில் வாங்கினால் கோயம்புத்தூர் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் அலைய வேண்டும். அதுவும் விவசாய மோட்டார் என்றால் வணிக நோக்கம். நீங்கள் நுகர்வோரே ஆகமாட்டீர்கள்.

சித்தூர் அக்கா:
ஐயா, அது பழைய சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தம்பிக்குப் பாலக்காடு ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, கெடு இரண்டு ஆண்டு. பழையதைப் புதிதென்று விற்பதும் பில் கொடுக்காததும் அதே சட்டத்தில் நியாயமற்ற வணிக முறை. பில் தராதது கடைக்காரர் குற்றம். தம்பியைத் திட்டாதீர்கள்.

சட்டநோக்கன்:
வணிக நோக்கத்துக்குப் பதில் சொல்லவில்லையே?

ஆந்திர எல்லை:
நான் சொல்கிறேன். ஆந்திர விவசாயிகளின் விதை வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றமே விவசாயியை நுகர்வோர் என்று ஏற்றுக்கொண்டது.

சட்டநோக்கன்:
ஆளை வைத்து ஐம்பது ஏக்கர் எஸ்டேட் நடத்துபவருக்குமா?

ஆந்திர எல்லை:
கேட்டவர் எஸ்டேட்காரரா? சொந்த உழைப்பில் பிழைப்பவருக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

வேலந்தாவளம்:
நீங்கள் பிறகு வாதாடுங்கள். தம்பி, மோட்டார் இப்போது எங்கே?

தென்னந்தோப்பு:
வைண்டிங் கடையில். நாளைக்குக் காயிலைப் பிரிக்கிறார்கள்.

சித்தூர் அக்கா:
பிரிக்க விடாதீர்கள்! எரிந்த காயிலும் ராவிய தகடும்தான் சாட்சி. பரிசோதனை தேவைப்பட்டால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும். படம் எடுத்து, அப்படியே சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகாரைப் பதிந்து எண் வாங்குங்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போடுங்கள். சீட்டு, ஜீபே விவரம் இரண்டின் நகலையும் இணையுங்கள்.

மின்பணியாளர்:
எதற்கும் வோல்டேஜைப் பாருங்கள்.

தென்னந்தோப்பு:
மோட்டாரைக் கொண்டுவந்துவிட்டேன். மேல்பக்கம் மட்டும் கழற்றியிருந்தார்கள், காயில் அப்படியே இருக்கிறது. 1915இல் எண் கொடுத்தார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா தண்ணீர் விடுகிறார். நன்றி அக்கா.