சரத்திரட்டலும் சரம் வெளியெடுத்தலும்: ஒரு சொல்லா, இரண்டா?

அன்பின் நண்பர்களுக்கு,

வணக்கம். செயலியின் மூலநிரலில் இருந்து மொழிபெயர்க்க வேண்டிய சரங்களை (நிரலில் எழுதப்படும் எழுத்துத் தொடர்களை) எடுக்கும் பணியை ஆங்கிலத்தில் "ஸ்ட்ரிங் எக்ஸ்ட்ராக்சன்" என்பர். அதற்கு நம் சொற்றொகுதியில் "சரம் பிரித்தெடுத்தல்" என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஏற்க எனக்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது சிறியது. காற்புள்ளி கண்ட இடமெல்லாம் ஒரு சரத்தைத் துண்டாக்கும் செயலையும் "சரம் பிரித்தல்" என்றே சொல்கிறோம். இரண்டும் ஒரே ஆவணத்தில் வந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

இரண்டாவது தடை பொருள் பற்றியது. பிரித்தெடுத்த பொருள் எடுத்த இடத்தில் இருப்பதில்லை. ஆனால் 1995இல் வெளிவந்த, மென்பொருள் மொழிபெயர்ப்புக்கான கருவித்தொகுப்பாகிய குனூ கெட்டெக்ஸ்டில் உள்ள எக்ஸ்கெட்டெக்ஸ்ட் கருவி மூலநிரலில் இருந்து எதையும் அகற்றுவதில்லை. நிரலாளர் குறித்துவைத்த சரங்களைத் தேடிக் கண்டு, அவற்றின் படியை, அவை வரும் கோப்பின் பெயர், வரி எண், மொழிபெயர்ப்பாளருக்கென எழுதப்பட்ட குறிப்பு ஆகியவற்றோடு ஒரு வார்ப்புருக் கோப்பில் சேர்க்கிறது. ஒரே சரம் ஐந்து இடங்களில் வந்தால் பதிவு ஒன்றாகவும் அதன் மேலுள்ள இடக்குறிப்புகள் ஐந்தாகவும் இருக்கும். ஆப்பிளின் ஜென்ஸ்ட்ரிங்ஸ் கருவியும் நிரலைத் தொடாமல் படித்துத்தான் பட்டியல் தருகிறது. பல ஏடுகளில் கிடந்த பாடல்களை ஒன்றுசேர்த்த நூலைத் திரட்டு என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம். இங்கே நடப்பதும் அதுவே. ஆகவே செயலுக்குச் "சரத்திரட்டல்", விளையும் கோப்புக்குச் "சரத்திரட்டு", கருவிக்குச் "சரத்திரட்டி" என்று முன்மொழிகிறேன். வலைப்பதிவுத் திரட்டிகளைப் பயன்படுத்தியவர்களுக்குக் கடைசிச் சொல் புதிதாக இராது.

"பொறுக்கியெடுத்தல்" பொருளால் இன்னும் நெருக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஏனெனில் திரைக்கு வரும் சரங்களை மட்டும் எடுத்து, நிரல் தன் இயக்கத்தைப் பதிந்துவைக்கும் பதிகைக் குறிப்புகளையும் தரவுத்தளப் பெயர்களையும் விட்டுவிட வேண்டும். ஆயினும் கருவிக்கு அந்த வினையில் இருந்து பெயர் அமைத்தால் அது வசைச்சொல்லாகிவிடுகிறது.

ஆண்ட்ராய்டில் நிலைமை வேறு. அங்கே, நிரலுக்குள் நேரடியாக எழுதிய சரத்தை நிரலாளர் சரங்களுக்கென்றே உள்ள ஸ்ட்ரிங்ஸ் எக்ஸ்எம்எல் கோப்புக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் அதன் அடையாளப் பெயரை மட்டும் வைக்கிறார்; ஆண்ட்ராய்டுச் செயலிகளை எழுத உதவும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் இதற்கெனவே ஒரு கட்டளை உண்டு. இது திரட்டல் அன்று, சரம் உண்மையாகவே இடம் மாறுகிறது. ஆங்கிலம் இரண்டு செயல்களையும் ஒரே சொல்லால் குறிப்பதால் நாமும் அப்படியே செய்ய வேண்டும் என்பதில்லை. இதனைச் "சரம் வெளியெடுத்தல்" என்று தனியே வழங்கலாம்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெளியெடுத்தலில் சரத்தை நிரலாளரே இடம் மாற்றுவதால், அதை எப்படி மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொழும்பில் மூன்று மொழிகளில் வெளியிடப்படவிருந்த ஒரு விநியோகச் செயலியின் சரங்கள் அண்மையில் என்னிடம் வந்தன. "யுவர் ஓர்டர் வில் ரீச்" என்பது ஒரு வரி. "இன்" என்பது அடுத்த வரி. "மினிட்ஸ்" என்பது மூன்றாவது. நிரலில் இம்மூன்றும் இடத்தின் பெயரோடும் எண்ணோடும் கூட்டற்குறியால் ஒட்டப்பட்டிருந்தன, ஒவ்வொரு துண்டும் தனித்தனியே வெளியெடுக்கப்பட்டிருந்தது. அவற்றை வரிக்கு வரி மொழிபெயர்த்தால் திரையில் "உங்கள் ஓர்டர் சென்றடையும் வெள்ளவத்தை இல் 20 நிமிடங்கள்" என்று வரும். வினையை இறுதியில் வைக்கும் சிங்களத்துக்கும் இதே இடர்ப்பாடுதான். முழு வாக்கியத்தையும் ஒரே சரமாக்கி, மாறும் இரு பகுதிகளுக்கும், அதாவது ஊர்ப்பெயருக்கும் நிமிட எண்ணிக்கைக்கும், 1, 2 என எண்ணிட்ட குறிகளை வைத்தால், "உங்கள் ஓர்டர் 20 நிமிடங்களில் வெள்ளவத்தைக்கு வந்துசேரும்" என வரிசையை மாற்றி எழுத மொழிபெயர்ப்பாளருக்கு வழி பிறக்கிறது.

அப்போதும் வேற்றுமை உருபு எஞ்சி நிற்கும். கொழும்பின் பிற பகுதிகளான பம்பலப்பிட்டியோடும் கொட்டாஞ்சேனையோடும் "க்கு" தடையின்றிச் சேரும். கறுவாத்தோட்டத்தோடு சேர்த்தால் "கறுவாத்தோட்டம்க்கு" என்றாகும். "சேருமிடம்: கறுவாத்தோட்டம்" என்று உருபே தேவைப்படாதவாறு வாக்கியத்தை அமைப்பதே நான் கண்ட பாதுகாப்பான வழி.

ஆகவே, சொற்றொகுதியில் "சரம் வெளியெடுத்தல்" என்பதற்கான விளக்கத்தை இவ்வாறு எழுதலாம் என எண்ணுகிறேன்: "பயனர் திரையில் படிக்கும் வாக்கியத்தை, துண்டாக்காமல், மாறும் பகுதிகளுக்கு எண்ணிட்ட குறிகளோடு, நிரலில் இருந்து மொழிக்கோப்புக்கு மாற்றுதல்." துண்டாக்காமல் என்ற சொல்லை நீளம் கருதி யாரும் நீக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணிட்ட அந்தக் குறிக்கு "இடங்குறி" என்று எழுதிவருகிறேன், ஆனால் வரைபடத்தில் இடத்தைக் காட்டும் குறியோடு அது குழம்புகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். அதன் பின்னரே மூன்று சொற்களையும் சேர்த்துத் தொகுதியில் பதிவேன்.

அன்புடன்