இனிப்புச் சோளமா, கரும்புச் சோளமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தட்டையின் (சோளத் தண்டின்) சாற்றை ஈஸ்ட் விட்டு நொதிக்கவைத்து எத்தனால் எடுக்கிறார்களே, ஆங்கிலத்தில் sweet sorghum எனப்படும் அந்தச் சோளத்துக்கு, அதைப் பற்றிய தமிழ்க் கட்டுரையில் 'இனிப்புச் சோளம்' என்று பெயர் வைக்கலாம் என நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். சொல்லில் பிழையில்லை. ஆனால் சென்னையில் அந்தப் பெயரை வேறொன்று பிடித்து வைத்திருக்கிறது. மெரினாவில் சோளம் என்றால் மிளகாய்த்தூள் தடவிச் சுட்டுத் தரும் மக்காச்சோளக் கதிர். இனிப்புச் சோளம் என்றால் கப்பில் வெண்ணெய் போட்டுத் தரும் மஞ்சள் மணி. வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "அதுல ஏதுப்பா சாறு?" என்றாள் மகள்.

சரியான கேள்வி. அந்த மக்காச்சோளத்துக்கு இனிப்பு மணியில், இதற்குத் தட்டையில். கரும்பைப் போலவே தட்டையை ஆலையில் கொடுத்துப் பிழிகிறார்கள். சாற்றில் சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் மூன்றும் உண்டு. மணியிலிருந்து எத்தனால் எடுப்பதென்றால் மாவுச்சத்தை முதலில் சர்க்கரையாக உடைக்க வேண்டும். சாற்றுக்கு அந்த வேலையே இல்லை, ஈஸ்ட்டை நேரே விடலாம். மணி தனியாகச் சாப்பாட்டுக்கு மிஞ்சும். வெட்டிப் போட்டுத் தாமதித்தால் சர்க்கரை இறங்கிவிடுவதும் கரும்பின் குணம்தான்.

ஆகவே 'கரும்புச் சோளம்' என்கிறேன். 'கழைச்சோளம்' என்றும் யோசித்தேன். அழகான சொல்தான், ஆனால் கழைக்கூத்தாடி நினைவுக்கு வந்துவிடுகிறார். கரும்பையும் சோளத்தையும் கலந்த ஒட்டுப்பயிர் என்று சிலர் நினைக்கக்கூடும். நினைக்கட்டும், சர்க்கரைவள்ளியை யாரும் சர்க்கரை ஆலைக்கு அனுப்பவில்லையே.

அப்புறம், கட்டுரையில் சில இடங்களில் 'புளிக்கவைத்தல்' என்று வருகிறது. அதை மாற்றிவிடலாம். தோசை மாவைப் புளிக்கவைப்பது பெரும்பாலும் லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியா. இங்கே ஈஸ்ட் 180 கிராம் குளுக்கோஸை, கணக்குப்படி, 92 கிராம் எத்தனாலாகவும் 88 கிராம் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. இந்தத் தொட்டியில் புளிப்பு ஏறினால் பாக்டீரியா புகுந்துவிட்டது, எத்தனால் குறையப்போகிறது என்று பொருள். பழுதின் பெயரையே வேலைக்கும் வைப்பானேன்? 'நொதித்தல்' போதும். நொதி என்று என்சைமைச் சொல்வதால் குழம்பும் என்றார் ஒருவர். என்சைம் என்ற சொல்லே 'ஈஸ்ட்டுக்குள்' என்ற பொருள் தரும் கிரேக்க வேர்களிலிருந்து பிறந்ததுதான். உயிரணு இல்லாத ஈஸ்ட் சாறும் சர்க்கரையை நொதிக்கவைக்கும் என்று 1897இல் ஜெர்மன் வேதியியலாளர் புக்னர் காட்டினார்; அதாவது நொதித்தலைச் செய்வதே ஈஸ்ட்டில் உள்ள நொதிகள்தான். உறவு உள்ள சொற்கள், ஒட்டியே இருக்கட்டும்.

எத்தனாலை அப்படியே விடுவோம். 'எரிசாராயம்' என்று எழுதினால் காவல்துறைச் செய்தி மாதிரி இருக்கிறது.